அணைக்காத பெட்டி

1

அவன் எழுந்தான். பல் தேய்க்கும் முன்பு நடு அறைக் கதவைத் திறந்து பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது. கதவைச் சாத்தினான். பல் தேய்த்தான். ஒரு ஆளுக்கு மட்டும் காபி போட வேண்டும் என்று நினைவுபடுத்திக்கொண்டு ஒன்றரை ஆளுக்குப் போட்டான். குளித்தான். முந்தின நாள் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அதையே மாட்டினான். கிளம்பும்போது அறைக் கதவை இன்னொரு முறை திறந்தான். எரிந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனான்.

இது நான் எழுதிய நான்காவது தொடக்கம். முந்தைய மூன்றும் இதைவிட அழகாக இருந்தன. மாதிரிக்கு ஒன்று:

சில விளக்குகள் வெளிச்சத்துக்காக எரிவதில்லை, அவை

அங்கேயே நிறுத்திவிட்டேன். இப்படிப்பட்ட வாக்கியத்துக்குள் போய்விட்டால் வெளியே வர வழி தெரியாது. இன்னொன்று, ‘ரயில் என்றாலே நம் எல்லோருக்கும்’ என்று தொடங்கியது. எல்லோருக்கும் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் விட்டேன்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு அறிவிப்பிலிருந்து வந்தது. அடுக்குமாடியின் கீழ்வாசலில் ஒட்டியிருந்தார்கள். பழைய மின்கம்பிகளை மாற்றப்போகிறார்கள், வியாழக்கிழமை பகல் முழுவதும் மின்சாரம் இருக்காது. குடியிருப்பவர்கள் படித்தார்கள், முணுமுணுத்தார்கள், போனார்கள். ஒருவன் மட்டும் நகரவில்லை. அவன் ஏன் நகரவில்லை என்று விளக்கப் போனதில் மீதி வந்தது.

2

பச்சை விளக்கு எரிகிற அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொம்மை ரயிலை ஓட்டுவது எளிது. தண்டவாளத்தில் கரண்ட்டைக் கூட்டினால் வண்டி வேகமாக ஓடும், குறைத்தால் மெதுவாக ஓடும். சிக்கல் இரண்டாவது எஞ்சினில் ஆரம்பிக்கிறது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும், சேர்ந்தே நிற்கும். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்ட வேண்டும் என்றால் என்ன செய்வது?

அதற்கு யாரோ ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்டவாளத்தில் கரண்ட் எப்போதும் முழுசாக இருக்கட்டும். கூடவே ஒரு செய்தியும் போகட்டும். ஏழாம் நம்பர், நகரு. மூணாம் நம்பர், நில்லு. ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றிலும் ஒரு சில்லு இருக்கும். தன்னைக் கூப்பிட்டால் மட்டும் அது காது கொடுக்கும். கூப்பிடுவது இந்தப் பெட்டியின் வேலை.

ஆரம்பத்தில் கம்பெனிக்கு ஒரு மொழி. ஒருவர் பெட்டி பேசுவது இன்னொருவர் எஞ்சினுக்குப் புரியாது. பிறகு பெரும்பாலானவர்கள் ஒரு பொதுமொழிக்கு வந்து சேர்ந்தார்கள். வராத கம்பெனிகளில் சில மூடிவிட்டன. இந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியும் அவற்றில் ஒன்று. இப்போது இந்தப் பெட்டி பேசுவது அதன் எஞ்சின்களுக்கு மட்டும் புரியும். அந்த எஞ்சின்களுக்கு வேறு யார் பேசினாலும் புரியாது.

[குறிப்பு: கையேட்டின் கடைசிப் பக்கத்தில், ‘வாழ்நாள் முழுவதும் பழுதுபார்த்துத் தரப்படும்’ என்று இருக்கிறது. யாருடைய வாழ்நாள் என்று இல்லை.]

எஞ்சின்களின் பெயர்கள், எது எந்தத் தடத்தில் போய் எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பெட்டியின் நினைவில் இருக்கும். அணைத்திருக்கும் நேரத்தில் அந்த நினைவைக் காப்பாற்ற உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது செத்துவிட்டால், பெட்டியை அணைத்த நொடியில் எல்லாம் போய்விடும். மறுபடி போட்டால் அன்றுதான் கடையிலிருந்து வந்ததுபோல முழிக்கும். பேட்டரி செத்துவிட்டது என்பதற்கு அடையாளமாகத் திரையின் மூலையில் ஒரு சின்னப் படம் விட்டுவிட்டு மின்னும்.

அவன் வீட்டில் மின்னுகிறது.

ஆக, பெட்டி எரிகிற வரை அவள் அதற்குச் சொல்லிக் கொடுத்தது இருக்கும். அணைந்தால் இருக்காது. இந்தத் தெருவில் கரண்ட் போகிற வழக்கமில்லை. இருந்திருந்தால் கதை என்றைக்கோ முடிந்திருக்கும், நானும் உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

3

‘அவள்’ என்று எழுதியாகிவிட்டது. இனி யார் என்று சொல்லியாக வேண்டும்.

லிஃப்ட் ஆய்வாளர். ஊரில் இருக்கிற கட்டடங்களின் உச்சிக்குப் போய், மோட்டார் அறையில் குனிந்து, கயிற்றைத் தடவிப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதுவாள். வீட்டில் இருந்தால் ரயில். நடு அறையை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மேசை. அதில் ஒரு நிலையம், ஒரு சுரங்கம், ஒரு சரக்குக் கொட்டகை. சன்னலைத் திறக்க வேண்டும் என்றால் மேசைக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும்.

அவன் பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ரயிலில் ஆர்வம் கிடையாது. சன்னலைத் திறப்பதற்காக அந்த அறைக்குள் போவான். போகிற போக்கில் எதையாவது கேட்பான்.

“இது எங்கிருந்து எங்க போகுது?”

“இங்கிருந்து இங்கயே.”

“அதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?”

“நேரத்துக்கு வந்தாத்தானே மறுபடி கிளம்ப முடியும், மண்டு. தலைய எடு, சுரங்கத்த இடிக்கிற.”

அவளை இன்னும் கொஞ்சம் வர்ணிக்கலாமா என்று பார்த்தேன். காது, நடை, சிரிப்பு. எழுதியதெல்லாம் வேறு யாரையோ போல இருந்தது. மேலே இருக்கிற நான்கு வரியில் எவ்வளவு தெரிகிறாளோ அவ்வளவு போதும்.

அன்றைக்குக் காலையில் என் மனை

(இந்த வாக்கியம் வேண்டாம். ‘அவன்’ என்று தொடங்கியது, அப்படியே போகட்டும்.)

அன்றைக்குக் காலையில் அவள் வேலைக்குப் போனாள். மதியம் தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. சாயங்காலம் அவள் இல்லை. அவன் வீட்டுக்கு வந்தபோது பெட்டி எரிந்துகொண்டிருந்தது. நிலையத்தில் ஒரு எஞ்சின் நின்றது. திரையில் அதன் பெயர் இருந்தது: மசமச.

ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும். எட்டு எழுத்துக்கு மேல் போகாது. எஞ்சின் பழசு, மெதுவாகக் கிளம்புகிறதாக்கும், அதனால் வைத்த பெயர் என்று அவன் நினைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்தப் பெயர் அங்கேயே இருக்கிறது. அவன் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

4

மச்சானை முதல் வரைவில் வில்லனாக வைத்திருந்தேன். அவளுடைய அண்ணன், லாரி அலுவலகத்தில் மேலாளர், எட்டு வீடு தள்ளிக் கேட்கிற குரல். வில்லனுக்குத் தோதான ஆள். ஆனால் அந்த வேடம் நிற்கவில்லை. சாவு நடந்த வீட்டில் வாசலில் குவிந்த செருப்புகளை ஒருவர் உட்கார்ந்து ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். அது மச்சான்தான். அதை எழுதிய பிறகு அவரை வில்லனாக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

“மாப்பிள்ளை, கதவத் திற. கையில சாமான் இருக்கு.”

அட்டைப்பெட்டியை மேசையில் வைக்கப் போய், மேசை முழுக்க ரயில் இருப்பதைப் பார்த்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“புதுசு. போன்லயே ஓட்டலாம். எஞ்சின் வயித்துல இருக்கிற சில்ல மட்டும் மாத்தணும். ரயில் சங்கத்து டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், செஞ்சு குடுக்கறாங்களாம்.”

“இதே ஓடிட்டுத்தான இருக்கு, மச்சான்.”

“எது ஓடுது? விளக்கு எரியுது. வண்டி எங்க ஓடுது? சுரங்கத்துக்குள்ள பாரு, ஒட்டடை.”

“தொட்டா எதாவது மாறிடும்.”

“மாறட்டுமே! நீ என்ன மியூசியமா நடத்துற? டிக்கெட் போடலாமா?”

“நீங்கதான அணைக்காதன்னு சொன்னீங்க. அணைச்சா எல்லாம் போயிடும், பேட்டரி செத்திருக்குன்னு.”

மச்சான் அட்டைப்பெட்டியின் ஓரத்தை நகத்தால் கீறினார்.

“சொன்னேன். அன்னிக்கு உன்கிட்ட ஆளாளுக்கு ஏதோ சொன்னாங்க. தைரியமா இரு, சாப்பிடு, தூங்குன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அந்த அறையில எனக்குத் தெரிஞ்ச விஷயம் அது ஒண்ணுதான். அதச் சொன்னேன். நீ இத்தன மாசம் பிடிச்சுட்டு நிப்பன்னு எனக்கென்ன தெரியும்?”

அவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

“கீழ நோட்டீஸ் பாத்தீங்களா?”

“பாத்துட்டுத்தான் வரேன். வேணும்னா ஆபீஸ்ல ஒரு யூபிஎஸ் சும்மா கெடக்கு, தூக்கிட்டு வரவா?”

“அதுல சொருகணும்னா முதல்ல சுவத்துல இருந்து பிடுங்கணும், மச்சான்.”

மச்சான் சுவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

“ஆமால்ல” என்றார்.

5

அடுத்து வருகிறவரை நீங்கள் நம்ப வேண்டும். அவர் பல் டாக்டர். ஊரில் பொம்மை ரயில்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பெட்டியைத் திறக்கிற தைரியம் அதில் அவர் ஒருவருக்குத்தான். நம்பும்படியாக இருக்கட்டும் என்று ரேடியோ மெக்கானிக்காக மாற்றி ஒரு வரைவு எழுதினேன். அந்த ஆளுக்குக் கை நடுங்கியது. திரும்பவும் டாக்டரையே கூப்பிட்டேன்.

புதன்கிழமை அவருடைய கிளினிக்குக்கு விடுமுறை. மதியம் வந்தார். பல் பார்க்கும்போது மாட்டுகிற பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார்.

“எங்க, வாயத் தொறப்போம்.”

வேலை இதுதான். பெட்டி எரிந்துகொண்டிருக்கும்போதே பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் புதியதைச் சால்டரிங் செய்துவிட வேண்டும், அதாவது சூடான அயர்ன் முனையால் ஈயத்தை உருக்கி ஒட்டிவிட வேண்டும். செய்துவிட்டால் வியாழக்கிழமை கரண்ட் போனாலும் நினைவு போகாது. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது.

“கரண்ட நிறுத்தக் கூடாதுங்கறது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், தம்பி. சால்டரிங் அயர்னோட முனை எர்த்தோட சேர்ந்திருக்குங்கறது ஞாபகம் இருக்காது. எரியிற பலகையில அத வெச்சா, ஒரு சின்ன ‘டிக்’. அப்புறம் மொத்தமும் காலி. நம்ம ஆளுங்க பண்ற தப்பே இதுதான். நானே பண்ணேன். என் பெட்டியில. அவ பக்கத்துல நின்னு விழுந்து விழுந்து சிரிச்சா. ‘டாக்டர், வேற யார் பல்லையும் இப்படிப் பிடுங்கிடாதீங்க’ன்னா.”

“அப்ப எப்படிச் செய்யணும்?”

“அயர்ன் நல்லா சூடேறணும். அப்புறம் அதோட பிளக்கப் பிடுங்கிடணும். பிடுங்கிட்டா எர்த் இல்ல. ஆறுறதுக்குள்ள வெச்சு எடுத்துடணும். அவ்வளவுதான்.”

அயர்னைச் செருகினார். காத்திருந்தார்கள். டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். சிரித்தார்.

“மசமசவா? யாரு இது?”

“அந்த எஞ்சினோட பேரு.”

“இது எப்ப வெச்சா? போன தடவை நான் வந்தப்ப இதுக்கு என் பேரு. அதுக்கு முந்தி அவ ஆபீஸ் மேனேஜர் பேரு. காலையில யார் மேல கடுப்போ அவங்க பேரத்தானே வெப்பா.”

அவன் திரையைப் பார்த்தான். அன்றைக்குக் காலையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுக்க வந்தோம் என்று மறந்து நின்றிருந்தான். மசமசன்னு நிக்காத, தள்ளு, என்று அவள் அவனைத்தான் சொன்னாள். இத்தனை மாதமாகத் தன் பெயரைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

டாக்டர் ஈயக் கம்பியை நீட்டி அயர்ன் முனையில் தொட்டுப் பார்த்தார். உருகியது.

“ரெடி. பிளக்கப் பிடுங்குங்க, தம்பி.”

பிடுங்கினான். டாக்டர் அயர்னைப் பெட்டியின் வாய்க்கு மேலே கொண்டுபோனார்.

“கவலப்படாதீங்க. இது இனிமே எதையும் மறக்காது.”

“மறக்கக் கூடாது, டாக்டர். அவளோட எத்தன வருஷ வேல.”

அயர்ன் அங்கேயே நின்றது.

“வருஷமா?” என்றார் டாக்டர். “தம்பி, இதோட பேட்டரி செத்து ரொம்ப காலமாச்சு. தினமும் வேலைக்குப் போகும்போது அணைப்பா. மறுநாள் காலையில உக்காந்து முதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்பப் போடுவா. உங்களுக்குத் தெரியாதா?”

அவனுக்குச் சத்தம் தெரியும். படுக்கையிலிருந்தே கேட்கும். டிக், டிக், டிக் என்று வெகுநேரம். அவள் ரயில் ஓட்டுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

“புது பேட்டரி வெச்சுத் தரேன்னு நானும் எத்தனையோ தடவ கேட்டேன். ‘வேணாம், நேத்து ஓட்டின மாதிரியேவா இன்னிக்கும் ஓட்டணும்?’னா. பெரிய பிடிவாதக்காரி.”

“அப்ப இதுல இருக்கிறது?”

“அன்னிக்குக் காலையில போட்டது. அது மட்டும்தான்.”

முனையில் இருந்த ஈயத்தின் பளபளப்பு மங்க ஆரம்பித்தது.

“தம்பி, ஆறுது. வெக்கவா, வேணாமா?”

6

இங்கே நிறுத்தியிருக்கிறேன். டாக்டரின் கை அந்தரத்தில் நிற்கிறது. அது நடுங்காத கை, கொஞ்ச நேரம் தாங்கும்.

முதல் முடிவில் அவன் “வைங்க” என்றான். ஈயம் பிடித்தது. வியாழக்கிழமை கரண்ட் போய் வந்தது. பெட்டி எதையும் மறக்கவில்லை. இனி எப்போது அணைத்து எப்போது போட்டாலும் அதே காலை. அதே பெயர், அதே தடம், அதே நிறுத்தங்கள். எழுதி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து படித்தபோது அந்த அறைக்குள் காற்று இல்லை.

இரண்டாவது முடிவில் “வேணாம்” என்றான். வியாழக்கிழமை திரை அணைந்தது. சாயங்காலம் வெறும் எண்களோடு முழித்தது. அவன் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தட்டித் தடவி, முதல் எஞ்சினுக்கு ஒரு பெயரை அடித்தான். அன்றைக்கு மச்சான் மேல் கடுப்பு. மச்சான் பெயரையே வைத்தான். இது நன்றாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் போட்டு, கீழே பயிற்சி வினா கொடுக்கலாம். இத்தனை வருடம் பாடப்புத்தகம் திருத்தியவனுக்கு இப்படிப்பட்ட முடிவுகளில் நம்பிக்கை வருவதில்லை.

மூன்றாவதில் “ஒரு நிமிஷம்” என்றான். அயர்ன் ஆறட்டும், மறுபடி சூடு பண்ணிக்கொள்ளலாம். முதலில் பொத்தானை அழுத்துவோம். அன்றைக்குக் காலையில் அவள் என்ன போட்டாள்? மசமச நிலையத்திலிருந்து கிளம்பி எந்தப் பக்கம் திரும்பும்? சுரங்கத்துக்குள் போனால் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கும்? எதிரே யார் வருவார்கள்? இந்த முடிவில்தான் எனக்கு ஆசை. ஆனால் அவன் பொத்தானை அழுத்தினான் என்பதற்கு அப்பால் ஒரு வரி நகரவில்லை. எஞ்சின் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது என்னுடைய காலையாகத்தான் இருக்கும்.

அதனால் வியாழக்கிழமையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நான்காவதாக வேறு ஏதாவது தோன்றினாலும் சரி.

ஆனால் தீர்மானிக்கும் முன்பு உங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். மச்சானுக்கு அது தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

7

அன்றைக்கு மதியத்துக்குச் சற்று முன் அவள் போன் செய்தாள்.

இந்த இடத்தில் அவளை என்னவெல்லாமோ சொல்ல வைத்தேன். ஒரு வரைவில் ரயில் நிலையங்களைப் பற்றி ஒரு நீண்ட வாக்கியம் பேசினாள். மூச்சு விடாமல் பேசினாள். அவள் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. இன்னொரு வரைவில் அவன் பெயரைச் சொல்லிவிட்டு

இல்லை. சொல்லவில்லை.

ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தாள். பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவன் மதிய ஷிப்டுக்கு அச்சகம் கிளம்பத் தாமதமாகிவிட்டது என்று, ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டு கேட்டான். சரி என்று சொன்னான். அவள் சொன்னது இதுதான்:

“பெட்டிய அணைக்க மறந்துட்டேன். போகும்போது அணைச்சிட்டுப் போ.”